ராஜா ரசிகனாக வயது வரம்பு உண்டா?

புதுவாயல் கூட்டுரோட்டில் ஜெனரல் ஷிப்ட் விடுகிற நேரம். கும்மிடிப்பூண்டி சிப்காட் பக்கமிருந்து வரும் கம்பெனி பஸ்கள் ஆட்களை இறக்கிவிட்டுப் போகும். டீக்கடையில் இளையராஜா பாட்டு ஓடும். காலேஜ் பையை மாட்டிய ஒரு பையன் கூடவே முணுமுணுப்பான். பக்கத்தில் யூனிபார்மோடு நிற்கும் ஐம்பது வயதுக்காரருக்கு அது பொறுக்காது.

"தம்பி, இது எந்தப் படம், சொல்லு பாப்போம்?"

பையன் முழிப்பான்.

"ரீல்ஸ்ல கேட்டுட்டு வந்து ராஜா ஃபேன்னு சொல்லிக்கிறது! நாங்கல்லாம் அந்தக் காலத்துல..."

அவ்வளவுதான். ஆரம்பித்திருக்க வேண்டிய ஒரு பேச்சு அங்கேயே முடிந்துவிடும். டீக்கடையில் மட்டுமா? எத்தனையோ வீடுகளில் அப்பாவுக்கும் பிள்ளைக்கும் நடுவில் நடப்பதும் இதுதான். இந்த "அந்தக் காலத்துல" கோஷ்டியைக் கொஞ்சம் கேள்வி கேட்டே ஆகவேண்டும்.

அந்தக் காலத்தில் மட்டும் என்ன வாழ்ந்ததாம்? 1976-ல் அன்னக்கிளி வந்தபோது, விஸ்வநாதன் பாட்டில் ஊறிய அப்பாக்கள் சிலர் "இதெல்லாம் ஒரு பாட்டா" என்று உதட்டைப் பிதுக்கத்தான் செய்தார்கள். அன்று திட்டு வாங்கிய பிள்ளைதான் 1992-ல் ரோஜா வந்ததும் "வெறும் கம்ப்யூட்டர் சத்தம்" என்று தன் தம்பியைத் திட்டியது. இப்போது பெற்ற பிள்ளையைத் திட்டுகிறது. வாங்கியதை வட்டியோடு திருப்பிக் கொடுப்பதில் தமிழ் ரசிகனை யாரும் மிஞ்ச முடியாது :)

வேடிக்கை என்னவென்றால், வாசித்தவர்களுக்குள் இந்தச் சண்டை இல்லை. ஜி.கே. வெங்கடேஷிடம் உதவியாளராக இருந்து வந்தவர் ராஜா. 1986-ல் மெல்லத் திறந்தது கதவு படத்துக்கு எம்.எஸ்.வி.யும் அவரும் சேர்ந்தே இசையமைத்தார்கள். ராஜாவின் குழுவில் கீபோர்டு வாசித்த திலீப் என்ற பையன்தான் பின்னாளில் ஏ.ஆர். ரஹ்மான். ஒரு தலைமுறை இன்னொன்றின் பக்கத்தில் உட்கார்ந்து வாசித்திருக்கிறது. கேட்கிறவர்களுக்கு மட்டும் ஏன் பக்கத்தில் உட்கார முடியவில்லை?

அடுத்து, பாட்டு யாருக்குச் சொந்தம் என்ற விஷயம். 1991-ல் வந்த குணா அப்போது பெரிய வெற்றிப்படம் இல்லை. அதில் கமலும் ஜானகியும் பாடிய கடிதப் பாட்டை 2024-ல் மஞ்சும்மல் பாய்ஸ் என்ற மலையாளப் படம் எடுத்துக்கொண்டது. குணா வந்தபோது பிறந்தே இராத பிள்ளைகள் தியேட்டரில் கைதட்டினார்கள். 33 வருஷமாகக் காதல் பாட்டாக இருந்தது, குழியில் விழுந்த நண்பனைத் தூக்கி மேலே கொண்டுவருகிற பாட்டாக மாறிவிட்டது. அந்தப் புது அர்த்தத்தைக் கொடுத்தது யார்? "உனக்கென்ன தெரியும்" என்று கேட்கப்படுகிற அதே பிள்ளைகள்தானே?

பெரியவர்கள் பக்கமும் ஒரு நியாயம் இருக்கிறது. முப்பது விநாடி ரீல்ஸில் பல்லவி மட்டும்தான் வரும். நரசிம்மனின் வயலின், சசிதரனின் பேஸ் கிட்டார், நெப்போலியனின் புல்லாங்குழல், விஜி மானுவேலின் கீபோர்டு, புருஷோத்தமனின் டிரம்ஸ்... ராஜா என்பது இத்தனை பேர் சேர்ந்த ஒரு பட்டாளம் என்பதை ரீல்ஸ் சொல்லாது. உண்மைதான். ஆனால் வேறு யார் சொல்வது? பாட்டு லிஸ்ட் எழுதிக் கொடுத்து, 60 நிமிஷ கேசட்டில் பதிந்து வாங்கி, டேப் இழுத்துக்கொள்ளும்வரை கேட்ட அந்த ஐம்பது வயதுக்காரர்தான் சொல்ல வேண்டும். அவர் தலையில் இருப்பது பெரிய சொத்து. சொத்தைப் பிள்ளைக்கு எழுதி வைப்பார்கள், பரீட்சை வைத்தா கொடுப்பார்கள்?

அப்பா நைட் ஷிப்ட் போகும்போது பிள்ளை வீட்டுக்கு வருகிறான். அவர் திரும்பும்போது அவன் கிளம்பிவிடுகிறான். கிடைக்கிற பத்து நிமிஷத்தில் மார்க், பீஸ், வேலை என்று எதைத் தொட்டாலும் சண்டை. சண்டை வராமல் இரண்டு பேரும் பேச மிச்சமிருப்பது பாட்டு ஒன்றுதான். அதையும் பூட்டிச் சாவியை இடுப்பில் செருகிக்கொண்டால் யாருக்கு நஷ்டம்?

2025 மார்ச் 8-ல், 81 வயதில், லண்டனில் போய்த் தன் சிம்பொனியை அரங்கேற்றினார் ராஜா. அந்த மனுஷனே "அந்தக் காலத்துல" என்று உட்கார்ந்துவிடவில்லை. ரசிகருக்கு மட்டும் என்ன அவசரம்?

எந்தப் படம் என்று அப்புறம் கேட்டுக்கொள்ளலாம். முதலில், "தம்பி, இப்ப ஒரு வயலின் வரும் பாரு, அதை மட்டும் கவனிச்சுக் கேளு" என்று சொல்லட்டும். டீ ஆறினாலும் பரவாயில்லை.