பரிசிலும் கூலியும்

நாம் பணியாற்றும் கல்லூரியில் சென்ற பருவத்தில் ஒரு வாசிப்புப் போட்டி அறிவித்தோம். அதிக நாவல்களைப் படித்து, ஒவ்வொன்றுக்கும் ஒரு பக்கக் குறிப்பு எழுதித் தருபவருக்கு ஆயிரம் ரூபாய்க்குப் புத்தகங்கள். வாசிப்பு அருகிவிட்டது என்று ஓய்வறையில் புலம்புவதைவிட ஏதேனும் செய்து பார்ப்போமே என்ற எண்ணந்தான். குறிப்புகள் குவிந்தன. ஆனால் துறை நூலகத்திலிருந்து வெளியே போனவை பெரும்பாலும் நூறு பக்கத்துக்கு உட்பட்ட குறுநாவல்கள். தடித்த நூல்கள் தூசியோடு இருந்த இடத்திலேயே இருந்தன. மாணவர்களைக் குறைசொல்ல நமக்கு நாவெழவில்லை. எண்ணிக்கையைக் கேட்டவர்கள் நாமல்லவா?

1973இல் லெப்பர், கிரீன், நிஸ்பெட் என்னும் அமெரிக்க உளவியலாளர் மூவர் ஓர் ஆய்வை வெளியிட்டனர். படம் வரைவதில் தாமாகவே நாட்டங்கொண்ட மழலைப்பள்ளிக் குழந்தைகளில் ஒரு பிரிவினரிடம், வரைந்தால் சான்றிதழ் உண்டென்று முன்கூட்டியே சொன்னார்கள். இன்னொரு பிரிவினருக்கு வரைந்து முடித்தபின் எதிர்பாராமல் அதையே தந்தார்கள். மூன்றாம் பிரிவினருக்கு ஒன்றுமில்லை. பின்னர் விருப்பம்போல் விளையாட விட்டபோது, முன்கூட்டியே ஆசை காட்டப்பட்டவர்கள் மற்றவர்களைப் போல் பாதியளவு நேரமே வரைந்தார்கள். எதிர்பாராமல் பெற்றவர்களின் நாட்டமோ குன்றவில்லை. கூலியைக் குறைக்க வழிதேடும் முதலாளிகளுக்கு இது நல்ல சாக்காகிவிடக்கூடும்; நாம் பேசுவது வயிற்றுக்காகச் செய்யும் வேலையைப் பற்றியன்று, விரும்பிச் செய்வதைப் பற்றி.

பெருஞ்சித்திரனாரை இங்கே நினைக்காதிருக்க முடியவில்லை. அதியமான் நெடுமான் அஞ்சி தன்னைக் காணாமலே கொடுத்தனுப்பிய பரிசிலை அவர் ஏற்க மறுத்ததைப் புறநானூற்றின் 208ஆம் பாட்டு சொல்கிறது. தன்னை வணிகனாக எண்ணிவிட்டானா என்பதே அவர் சினம். தகுதியறிந்து தருவதாயின் தினையளவும் போதும் என்கிறார். செல்வச் செருக்கில் எழுந்த பேச்சல்ல இது. பாலின்றி அழும் தம் பிள்ளையைப் பற்றிப் பாடியவரும் அவரே. பரிசிலுக்கும் கூலிக்கும் உள்ள வேற்றுமையை ஆண்டுதோறும் வகுப்பில் விளக்கிவிட்டு, அறிவிப்புப் பலகையில் நாம் ஒட்டியதென்னவோ கூலிப் பட்டியல்.

போட்டிக்கு முன்பு ‘புயலிலே ஒரு தோணி’யை வாரக்கணக்கில் கையோடு கொண்டு திரிந்த மாணவி ஒருவர் உண்டு. அறிவிப்பு வந்த மறுநாள் வந்து கேட்டார்: “ஐயா, இதுவும் ஒரு நாவலாகத்தான் கணக்காகுமா?”

ஆம் என்றோம். மாலையில் அதை நூலகத்தில் திருப்பிக் கொடுத்துவிட்டார்.