குட்டிக் காரின் தாத்தா



ஆடி மாதம் நம் வீராம்பட்டினம் தேரை வாய்பிளந்து பார்க்கிறீர்கள். தெருவில் போகும் பழைய மாருதி 800-ஐ மட்டும் 'டப்பா' என்று கேலி செய்கிறீர்கள். என் காதில் விழுந்தது!

அந்த டப்பாவின் தாத்தா ஜப்பான்காரர். 1909-ல் தறி செய்யத் தொடங்கிய சுசுகி (பஞ்சாலை கண்ட புதுச்சேரிக்குத் தறி புதிதா என்ன?) 1955-ல் முதல் காரைச் செய்தது. சின்ன கார்களுக்கு அந்நாட்டு அரசு சலுகை தந்தது. ஆனால் என்ஜின் 360 சி.சி.யைத் தாண்டக் கூடாது. பொறியாளர்கள் மூளையைக் கசக்கினார்கள். என்ஜினை முன்பக்கம் குறுக்காக வைத்து, முன்சக்கரங்களையே இழுக்கச் செய்தார்கள். பின்சக்கரம் வரை தண்டு ஓட வேண்டியதில்லை. உள்ளே கால் நீட்ட இடம் கிடைத்தது!

1976-ல் வரம்பு 550 சி.சி. ஆனது. 1979-ல் ஆல்ட்டோ வந்தது. அதற்கே 796 சி.சி. என்ஜின் பொருத்தியதுதான் நம் மாருதி. 1983 டிசம்பர் 14-ல் முதல் சாவியைக் கொடுத்தவர் பிரதமர் இந்திரா காந்தி. 25 லட்சத்துக்கும் மேல் விற்று, 2014-ல் உற்பத்தி நின்றது.

இப்போது சாலையெங்கும் பெரிய வண்டிகள். ஒரே ஒரு பிள்ளையைப் பள்ளியில் இறக்கிவிட இத்தனை இரும்பு எதற்கு? எனக்குப் புரியவில்லை. நாளை பள்ளி வாசலில் நின்று, எந்த வண்டியில் எத்தனை பேர் வருகிறார்கள் என்று எண்ணி எழுதி அனுப்புங்களேன்.