பேசாத தச்சர்

நான்கு நற்செய்திகளிலும் சூசையப்பர் பேசியதாக ஒரு வாக்கியம்கூட இல்லை. கனவில் கட்டளை வருகிறது, விழித்தெழுந்து செய்கிறார், அவ்வளவே. அந்தத் தச்சரை வளன் என்னும் காவிய நாயகனாக்கி, 3615 பாடல்களில் தேம்பாவணியை இயற்றினார் வீரமாமுனிவர்.

ஆரணியில் இருந்துகொண்டு அதைப் படிக்கையில் தறிக்குழி நினைவுக்கு வராமல் இராது. இங்கு நெய்யப்படும் பட்டுப்புடவையில் நெய்தவர் பெயர் இல்லை. பெட்டியின் மேல் கடையின் பெயர் இருக்கிறது. சூசையப்பரைக் காட்டி அந்த நெசவாளிக்குத் தாழ்மையைப் போதிப்பது அறமாகாது. அவருடைய பெயரின்மை சந்தை சுமத்தியது. அவர் விரும்பி ஏற்றதன்று.

சூசையப்பரின் நிலை வேறு. அவர் தாவீதின் குலத்தவர். மணம் பேசிய மரியாள் கருவுற்றிருப்பதை அறிந்தபோது, அவரை ஊரறியப் பழிக்கு ஆளாக்கும் உரிமை அவர் கையில் இருந்தது. கனவு வருமுன்னரே அதைப் பயன்படுத்த வேண்டாமெனத் துணிந்தார். தாழ்மை என்பது இதுதான் என்று எண்ணுகிறேன்: கையிலுள்ள அதிகாரத்தைப் பிறர்மேல் ஓங்காதிருத்தல். மேடையில் 'அடியேன்' என்று தொடங்கி ஒரு மணிநேரம் தன்னைப் பற்றியே பேசுவது தாழ்மையாகாது.

ஆகவே இப்பாடம் பட்டமும் பதவியும் மேடையும் வாய்த்த நமக்கே உரியது. புடவை வாங்கும்போது நெய்தவர் யாரென்று கேட்பதிலிருந்து அதைத் தொடங்கலாம்.