தறிக்குத் திரும்பும் வழியில் ஒரு ஊசி

குமாரபாளையத்தில் விசைத்தறி ஓட்டுபவருக்கு நெய்த துணிக்குத்தான் கூலி. குடலிறக்கமோ மூலமோ இனித் தாங்காது என்ற நிலைக்கு வந்த பிறகுதான் ஆஸ்பத்திரிப் படி ஏறுகிறார். ஏறியதும் அவர் கேட்பது, “எத்தன நாள்ல தறிக்குப் போலாங்க?” என்பதுதான். காலையில் சேர்ந்து மாலையில் வீடு திரும்பும் அறுவை சிகிச்சை இவரைப் போன்றவர்களுக்குப் பெரிய வரம். ஆனால் அந்த மாலையும் இரவும் எப்படிக் கழியும் என்பதை, மேஜையில் கிடந்தபோது ஏற்றிய வலி மருந்துதான் பெருமளவு தீர்மானிக்கிறது. அதைப் பற்றி நோயாளியிடம் யாரும் ஒரு வார்த்தை சொல்வதில்லை.

ஃபென்டனில், மார்ஃபின், டிரமடால், பென்டசோசின் எல்லாம் அபின் வகை மருந்துகள். 1960இல் பெல்ஜியத்தின் பால் ஜான்சன் உருவாக்கிய ஃபென்டனில், மார்ஃபினைவிட ஏறத்தாழ 100 மடங்கு வீரியமானது. சில நிமிடங்களில் பிடித்து, சிறிய அளவில் கொடுத்தால் ஒரு மணி நேரத்துக்குள் தணிந்துவிடும். 1985ஆம் ஆண்டின் போதைப்பொருள் தடுப்புச் சட்டத்தின் உரிமக் கெடுபிடிக்கு அஞ்சி, பல சிறிய மருத்துவமனைகள் டிரமடால் பக்கம் சாய்ந்தன. 2014இல் சட்டம் தளர்ந்தது. 2018இல் டிரமடாலே அச்சட்டத்துக்குள் வந்தது. பழக்கம் மட்டும் மாறவில்லை. அறுவை முடிந்ததும் ஒரு டிரமடால் ஊசி என்பது இன்னும் பல இடங்களில் வாடிக்கைதான்.

பித்தப்பைக் கல்லுக்காக வரும் தறிக்குத் தார் சுற்றும் பெண்ணை எடுத்துக்கொள்வோம். ஜெர்மானிய மருத்துவர் ஆப்ஃபெல் 1999இல் ஓர் எளிய கணக்குத் தந்தார். பெண்ணாக இருப்பது, புகைபிடிக்காதது, பஸ் ஏறினால் வாந்தி வரும் உடல்வாகு, அறுவைக்குப் பின் அபின் வகை மருந்து. இந்த நான்கும் சேர்ந்தால், பத்தில் எட்டுப் பேருக்கு முழு மயக்கத்துக்குப் பின் குமட்டலோ வாந்தியோ வரும். முதல் மூன்றும் நம் ஊர்ப் பெண்கள் பலரிடம் ஏற்கெனவே இருக்கின்றன. நான்காவது மட்டும்தான் மருத்துவர் கையில் இருக்கிறது. இந்த நிலையில் அவரை மொபெட்டின் பின்னால் உட்கார வைத்துக் காவிரிப் பாலம் தாண்டி அழைத்துப் போனால், ஒவ்வொரு குமட்டலுக்கும் வயிற்றுத் தையல் இழுபடும்.

மூலத்துக்கு அறுவை செய்துகொண்டவரின் பாடு இன்னும் கொடுமை. அபின் வகை மருந்து குடலின் அசைவை மந்தமாக்கி மலத்தை இறுக்கிவிடும். வலி தெரியாமல் இருக்கக் கொடுத்த மாத்திரை, மூன்றாம் நாள் காலையில் புண்ணைக் கிழிக்கும் வலியாகத் திரும்புகிறது. குடலிறக்கத்துக்கு முதுகில் ஊசி போடும்போது மார்ஃபினையும் கலந்துவிட்டால், சிறுநீர் அடைத்துக்கொண்டு அன்றிரவே குழாய் போட வேண்டி வரலாம்.

மாற்று வழி எட்டாத தூரத்தில் இல்லை. கீறும் இடத்திலும் அதற்குச் செல்லும் நரம்பைச் சுற்றியும் புபிவக்கைன் என்ற மரப்பு ஊசி போட்டால் பல மணி நேரம் மரத்துக் கிடக்கும். கூடவே பாராசிட்டமாலும், சிறுநீரகமும் வயிறும் சரியாக இருப்பவருக்கு டைக்ளோஃபினாக்கும் வலி வரும்வரை காத்திருக்காமல் மணிப்படி கொடுக்கலாம். அறுவை முடிந்து வீட்டுக்கு அனுப்பும்போது அபின் வகை மாத்திரை கொடுத்தவர்களுக்கு, கொடுக்காதவர்களைவிட வலி குறையவில்லை, வாந்திதான் கூடியது என்று 47 ஆய்வுகளைத் தொகுத்து 2022இல் லான்செட் இதழ் வெளியிட்டது.

அதற்காக அபினே கூடாது என்று கொடி பிடிப்பதையும் நான் ஏற்க மாட்டேன். ஃபென்டனில் வகையை அடியோடு விலக்கி, அபின் வகை சேராத டெக்ஸ்மெடிடோமிடின் என்ற மருந்தைக் கொடுத்த பிரெஞ்சு ஆய்வு ஒன்றில் சிலருக்கு நாடித்துடிப்பு கடுமையாகச் சரிந்தது. ஆய்வைப் பாதியிலேயே நிறுத்தினார்கள். 2021இல் வெளிவந்த முடிவு அது. அறுவையின்போது ஃபென்டனிலை மிகவும் குறைத்தால் கண்விழித்ததும் வலி கூடுகிறது என்று பாஸ்டனின் மாசசூசெட்ஸ் பொது மருத்துவமனைப் பதிவுகள் 2023இல் காட்டின. எனவே மரப்பு ஊசி முன்னே நிற்கட்டும். ஃபென்டனில் தேவைக்கு ஏற்ற சிறு அளவில் துணையாக வரட்டும். புற்றுநோயாளிக்கு மார்ஃபின் கிடைப்பதோ இன்றும் பெரும்பாடு. இந்த வாதத்தைச் சாக்காக்கி அதைப் பிடுங்கிவிடக் கூடாது.

சிக்கல் அறிவில் இல்லை, ஏற்பாட்டில் இருக்கிறது. சிறு நகரங்களில் மயக்க மருந்து டாக்டர் ஒரே நாளில் மூன்று நான்கு ஆஸ்பத்திரிகளுக்கு ஓடுகிறார். நரம்பு மரப்பு ஊசிக்குக் கூடுதலாகப் பத்து நிமிடம் பிடிக்கும். கேஸ் கணக்கில் பணம் வாங்குபவருக்கு அந்தப் பத்து நிமிடத்துக்குக் காசு கிடையாது. இரவில் நோயாளி வாந்தி எடுத்தது அவர் காதுக்கு வருவதே இல்லை. முதலமைச்சரின் காப்பீட்டுத் திட்டம் அறுவைக்குப் பணம் தரும்போது, மறுநாள் காலை ஒரு போன் போட்டு வாந்தி, வலி, சிறுநீர் என மூன்றையும் கேட்டுப் பதிவு செய்வதை நிபந்தனையாக்கலாம். மரப்பு ஊசிக்குத் தனிக் கட்டணமும் சேர்க்கலாம். டிஸ்சார்ஜ் சீட்டில் டிரமடால், டேபன்டடால் போன்ற அபின் வகை மாத்திரை எழுதினால் இரண்டு மூன்று நாளுக்கு மேல் வேண்டாம். மீதமாகும் மாத்திரை வீட்டு அலமாரியில்தான் கிடக்கும்; அதே மாத்திரையைக் கரைத்து ஊசியில் ஏற்றிக்கொள்ளும் இளைஞர்கள் கொங்குப் பகுதியிலும் பிடிபடுகிறார்கள்.