‘இயல்பான பிரதி’ என்னும் மாயை

கறுப்பு வெள்ளை ஒளிப்படக்கலை பற்றிப் பேசுவோரிடையே ஒரு கருத்து ஆழ வேரூன்றியுள்ளது. கமெரா கண்டதைக் கண்டவாறே தாளில் பதிப்பதுதான் நேர்மையானது. இருட்டறையிற் புகுந்து ஒளிநிழல் வேறுபாட்டைக் கூட்டுவதும் குறைப்பதும் மெய்யைத் திரிப்பதாகும் என்பதே அக்கருத்தாகும். கேட்பதற்கு இனிய இவ்வாதம் இருட்டறையின் வாயிலைத் தாண்டியதும் நிலைகுலைந்து விடுகின்றது.

முதற்கண் பௌதிகம் கூறுவதை நோக்குதல் தகும். கடும் வெயிலில் அமைந்த ஒரு காட்சியில், மிகப் பிரகாசமான பகுதி ஆழ்ந்த நிழலிலும் ஆயிரம் மடங்குக்கு மேல் ஒளிர்வுடையதாக இருத்தல் கூடும். பளபளப்பான படத்தாளின் வெண்மையோ அத்தாளின் உச்சக் கருமையிலும் ஏறத்தாழ நூறு மடங்கு ஒளியையே தெறிக்கச் செய்கின்றது. ஆயிரத்தை நூறுக்குள் அடக்கும் இம்முயற்சியில் எதைச் சுருக்குவது, எதைக் கைவிடுவது என்று எவரேனும் தீர்மானித்தே ஆகவேண்டும். தீர்மானம் இன்றிப் பிரதி இல்லை.

“தலையிடாத பிரதி” என்பார் கூற்றும் இத்தகையதே. படத்தாள்கள் மென்மை, வன்மை நோக்கி 0 முதல் 5 வரை தரப்படுத்தப்படுகின்றன. 1940 இல் இல்போர்ட் நிறுவனம் அறிமுகப்படுத்திய மல்ரிகிரேட் தாள், ஒரே தாளிற் பல தரங்களைப் பெறும் வழியைத் திறந்தது. இவ்வகைத் தாளில் நீல ஒளி வேறுபாட்டை மிகுவிக்கும். பச்சை ஒளி அதனைத் தணிக்கும். ஆகவே, நீலத்தைத் தடுக்கும் மஞ்சள் வடிகட்டி மென்மையையும், பச்சையைத் தடுக்கும் மஜெந்தா வடிகட்டி வன்மையையும் தருகின்றன. வடிகட்டி எதுவுமின்றி அச்சிட்டால் ஏறத்தாழ 2 ஆம் தரம் கிடைக்கின்றது. அதுவும் தொழிற்சாலையில் வகுக்கப்பட்ட ஒரு தரமே. தலையிடாதிருப்பவர் தம் தீர்மானத்தை உற்பத்தியாளரிடம் ஒப்படைத்தவராவார். தீர்மானத்தினின்றும் விடுபட்டவர் அல்லர்.

அமெரிக்க ஒளிப்படக் கலைஞர் அன்சல் அடம்ஸ் 1941 இல் நியூ மெக்சிக்கோவின் ஹெர்னாண்டெஸ் என்னும் ஊரில் எடுத்த நிலவெழு காட்சி உலகப் புகழ் வாய்ந்தது. ஒரே நெகற்றிவ்விலிருந்து பல பத்தாண்டுகளாக ஆயிரத்துக்கு மேற்பட்ட பிரதிகளை அவர் எடுத்தார். முந்திய பிரதிகளில் வானம் ஒளியுடன் விளங்க, பிந்தியவற்றில் அது காரிருளாயிற்று. இவற்றுள் எது மெய், எது பொய்? வினாவே பொருளற்றது.

இனி மறுசாராரின் வாதத்தை நோக்குவோமாயின், அவர்கள் இதனை வெறும் கைத்திறன் என்றும் இரசனைக்குரிய விடயம் என்றும் கூறி அமைவர். அறத்துக்கு இதிற் பங்கில்லை என்பது அவர்தம் முடிவு. இம்முடிவு முன்னையதிலும் ஆபத்தானது. வெள்ளை வேட்டியுடன் வெயிலில் நிற்கும் கருநிற மனிதர் ஒருவரின் படத்தை எடுத்துக்கொள்க. வேட்டியின் மடிப்புகள் தோன்றுமளவுக்கு ஒளியூட்டி, வன்மையான தரத்தில் அச்சிட்டால் முகம் கரியாகிவிடும். முகம் தெளியுமாறு ஒளியைக் குறைத்தால் வேட்டி வெறும் வெண்மையாகும். மென்மையான தரத்தைத் தேர்ந்து, முகத்தின்மீது விழும் ஒளியைக் கையால் மறைத்து, துணிக்கு மேலும் ஒளியூட்டுபவரே இரண்டையும் காப்பாற்றுவர். அதற்குச் சில நிமிடங்களும் சில தாள்களும் கூடுதலாகத் தேவை. அவற்றைச் செலவிட மறுப்பவர் இரசனையின் பெயரால் ஒரு மனிதரின் முகத்தை அழித்தவராவார்.

‘இயல்பு’ என்பது எவருடைய முகத்தைக் கொண்டு அளக்கப்பட்டது என்பதும் சிந்திக்கற்பாலது. அடம்ஸ் வகுத்த வலய முறையில் வெயிலில் தோன்றும் வெள்ளையரின் தோல் ஆறாம் வலயத்துக்கும், கருமை கூடிய தோல் ஐந்தாம் வலயத்துக்கும் எடுத்துக்காட்டாயின. முறை தெளிவானது, அதை எண்ணாது கையாள்பவரோ ஒரு தோலை அளவுகோலாகவும் மற்றையதை விலகலாகவும் கொள்ள நேரும். 1994 யூனில் அமெரிக்காவின் ரைம் சஞ்சிகை, கொலைக் குற்றம் சாட்டப்பட்ட ஓ. ஜே. சிம்சனின் பொலிஸ் படத்தைக் கருமையாக்கி அட்டையில் வெளியிட்டது. அதே வாரம் நியூஸ்வீக் அதே படத்தை அவ்வாறு கருமையாக்காது வெளியிட்டமையால் உண்மை வெளிப்பட்டது, கண்டனம் எழுந்தது. தொனி வெறும் அலங்காரம் அன்று என்பதற்கு இதனினும் சான்று வேண்டா.

அயலாரை மட்டும் குறைகூறி அமைதலும் நேர்மையன்று. திருமணப் பேச்சுக்கு அனுப்பும் படத்தில் பெண்ணின் முகத்தை வெளிறச் செய்து தருமாறு ஸ்ரூடியோக்களைக் கேட்ட வழக்கம் தமிழர் அறியாததா? இன்று கைத்தொலைபேசி அதனைக் கேளாமலே செய்துவிடுகின்றது. இந்நாட்டின் லயனல் வென்ற் (1900–1944) தம் இருட்டறையில் இலங்கையரின் கருமேனியைச் செழுமையான தொனிகளுடன் தாளிற் கொணர்ந்தார். அக்கருமையை வெளிறச் செய்ய அவர் முற்படவில்லை.

ஆகவே, வேறுபாட்டைக் கட்டுப்படுத்துதல் குற்றமுமன்று, விளையாட்டுமன்று. பிரதி எடுப்பவர் தாம் தேர்ந்த தரத்துக்குப் பொறுப்பேற்றல் வேண்டும். படத்தில் நிற்பவர் தம் முகத்தைத் தம்முடையதென அடையாளம் காண்பாராயின், அப்பிரதி நேர்மையானது.