டிரக்டர் வருமுன்



வீடு திருத்தும் வேலை தொடங்கிவிட்டால் அடுப்படி முதல் முற்றம் வரை கல்லும் மண்ணும்தான். "ஒரு டிரக்டரைப் பிடிச்சு எல்லாத்தையும் அள்ளி அனுப்புங்க" என்று ஆண்களிடம் சொல்லிவிட்டு நாம் உள்ளே போய்விடுகிறோம். பெட்டியில் என்ன ஏறுகிறது என்று யாரும் பார்ப்பதில்லை. சென்ற வருடம் எங்கள் வீட்டிலும் அப்படித்தான் நடந்தது. உடைந்த ரியூப் லைட் ஒன்று சீமெந்துப் பையினுள் கிடந்திருக்கிறது. பையைத் தூக்கிய தம்பியின் உள்ளங்கை கிழிந்து, ஐந்து தையல் போட வேண்டியதாயிற்று. அந்தப் பையைக் கட்டி வைத்தவள் நான்தான்.

செங்கல், கொங்கிரீட் துண்டு, சாந்து, உடைந்த டைல்ஸ் ஆகியவற்றைத் தாராளமாக ஏற்றலாம். காணி நிரப்புவதற்கு இவற்றைக் கேட்டு வாங்குவோரும் உண்டு. முழுக்கல், ஓடு, கதவு நிலை என்பவற்றை முதலில் கேற்றடியில் அடுக்கி வையுங்கள், யாருக்காவது உதவும். இலை குழை, சோற்றுக் கழிவு, பொலித்தீன் எதையும் கல்லோடு கலக்க வேண்டாம். உக்குகிற பொருளின் மேல் நிரப்பிய நிலம் பிறகு தாழும்.

எங்கே கொட்டப் போகிறார் என்பதைச் சாரதியிடம் வாடகை பேசும்போதே கேட்டுவிடுங்கள். அனுமதியின்றி வயல்காணியை நிரப்புவது 2000ஆம் ஆண்டின் கமநல அபிவிருத்திச் சட்டப்படி குற்றம். வாய்க்காலிலும் களப்போரத்திலும் கொட்டினால், மாரியில் அந்த வெள்ளம் நம் வாசலுக்கே வரும்.

இனி, நான் மிகவும் பயப்படுகிற பொருளுக்கு வருகிறேன். அதுதான் கூரையிலிருந்து இறக்கும் அஸ்பெஸ்டஸ் சீற். முழுதாகக் கூரையில் இருக்கும்வரை அதனால் பெரிய ஆபத்தில்லை. உடைக்கும்போதும், வெட்டும்போதும், பாசி போக பிரஷ்ஷால் தேய்க்கும்போதும் கண்ணுக்குத் தெரியாத நார்கள் பறக்கின்றன. அவை நுரையீரலில் தங்கிவிடும். நோய் தலைகாட்ட இருபது, முப்பது வருடங்கள்கூட ஆகலாம். அதனால்தான் "நாங்க எத்தனை சீற் உடைச்சிருக்கோம், ஒண்டும் ஆகல்லியே" என்கிறார்கள் பாஸ்மார். வெள்ளை அஸ்பெஸ்டஸ் உட்பட எல்லா வகையும் புற்றுநோய் உண்டாக்கும் என்றே உலக சுகாதார நிறுவனம் சொல்கிறது. வெளிநாடுகளில், அஸ்பெஸ்டஸ் தொழிற்சாலைக்குக் காலடி வைக்காத பெண்களுக்கும் இந்நோய் வந்திருக்கிறது. அங்கு வேலை செய்த கணவனின் உடுப்பைத் தினமும் உதறித் துவைத்ததே காரணம்.

ஆகவே சீற்றை அடித்து நொறுக்கவோ மேலிருந்து எறியவோ விடாதீர்கள். தண்ணீர் தெளித்து நனைத்து, ஆணியைக் கழற்றி, முழுதாக இறக்கச் சொல்லுங்கள். துண்டுகளைத் தடித்த பொலித்தீனில் சுற்றித் தனியே வையுங்கள். கல்லோடு ஏற்ற வேண்டாம். எங்கே ஒப்படைப்பது என்று கூரையில் கை வைக்கும் முன்பே பிரதேச சபையிலோ மத்திய சுற்றாடல் அதிகாரசபையிலோ விசாரியுங்கள். கோழிக்கூட்டுக்கும் ஒழுங்கைப் பள்ளத்துக்கும் உடைந்த சீற்றைப் போடுகிற வழக்கம் நம் ஊர்களில் இருக்கிறது. பிள்ளைகள் ஓடி விளையாடும் இடம் அது. அந்த நாளின் வேலை உடுப்பை உதறாமல் நனைத்து, வேறாகத் துவையுங்கள்.

ரியூப் லைட்டிலும் சுருள் பல்பிலும் பாதரசம் உண்டு. உடைந்தால் ஜன்னலைத் திறந்துவிட்டு, தும்புத்தடியால் கூட்டாமல், தடித்த அட்டையால் அள்ளி மூடியுள்ள போத்தலில் போடுங்கள். வாகன பற்றறியை ஏற்றவே வேண்டாம். பற்றறிக் கடைக்காரரே பழையதைக் காசு கொடுத்து எடுப்பார். மிஞ்சிய பெயின்ட்டில் மணலைக் கலந்து காயவிடுங்கள், கானில் ஊற்றாதீர்கள். கேஸ் சிலிண்டர், வெற்றாக இருந்தாலும், பெட்டியில் ஏறக்கூடாது. சீனி வருத்தக்காரர் இருக்கும் வீடென்றால், இன்சுலின் ஊசிகளைத் தடித்த பிளாஸ்டிக் போத்தலில் இட்டு மூடி இறுக்கி, வைத்தியசாலையிலோ கிளினிக்கிலோ கேட்டு ஒப்படையுங்கள். அள்ளுகிறவர்கள் பெரும்பாலும் வெறுங்கையோடுதான் வருகிறார்கள்.

பழைய கொமட், சிஸ்டன், பெயின்ட் வாளி என்பவற்றைப் பின்வளவில் ஒதுக்கி மறந்துவிடுகிறோம். மழைநீர் ஒரு வாரம் தேங்கினால் போதும், டெங்கு நுளம்பு பெருகிவிடும். 2017இல் நம் நாட்டில் 186,000 பேருக்கு மேல் டெங்கு என்று பதிவானது நினைவிருக்கும். தேவையில்லையென்றால் அன்றைக்கே உடைத்து ஏற்றுங்கள்.

கடைசியாக, அலுமாரியையும் பரணையும் வேலையாட்களிடம் விடாமல் நீங்களே ஒதுக்குங்கள். கிழிந்த குர்ஆன் ஏடுகள், பிள்ளைகள் ஓதிப் பழகிய ஜுஸ்உகள் எல்லாம் அங்கேதான் கிடக்கும். அவற்றை வேறாக எடுத்து, கால் படாத தூய இடத்தில் புதைப்பதற்குப் பள்ளிவாசலில் கொடுங்கள். அங்கே மூத்தம்மா காலத்து அறபுத்தமிழ்க் கிதாபு ஏதும் அகப்பட்டால் அதைப் புதைக்கவும் அவசரப்படாதீர்கள். வாசிக்கத் தெரிந்த ஆலிம் ஒருவரிடம் முதலில் காட்டுங்கள். எங்கள் பரணில் கிடைத்த ஒன்றின் முதல் பக்கத்தில், என் மூத்தம்மா தன் பிள்ளைகள் பிறந்த நாட்களை வரிசையாக எழுதி வைத்திருந்தார். அதுவும் அந்தச் சீமெந்துப் பைகளுக்குப் பக்கத்தில்தான் கிடந்தது.