ஆழ்கடல் தளர்கிறது, தோழர்களே!

துருவப் பனி உருகுவதைக் கடல்மட்டக் கணக்காகவே இதுவரை மேடைகளில் பேசிவந்திருக்கிறோம். எத்தனை அடி ஏறும், எந்த ஊர் மூழ்கும் என்பதோடு பேச்சு முடிந்துவிடுகிறது. நாலாயிரம் மீட்டர் ஆழத்தில் நடக்கும் சேதத்துக்கு நம்மிடம் ஒரு முழக்கம்கூட இல்லை.

அண்டார்டிகாவின் வெடெல் கடல், ராஸ் கடல் ஓரங்களில் குளிர்காலத்தில் நடப்பதைக் கேளுங்கள். கண்டத்தின் மேட்டிலிருந்து இறங்கும் காற்று, உறைந்த பனியைக் கரையை விட்டுத் தள்ளிக்கொண்டே போகிறது. திறந்த நீர் மறுபடி உறைகிறது. தூத்துக்குடி உப்பளத்தில் வெயில் நீரைக் கொண்டுபோய் உப்பை விட்டுவைக்கிறதே, அந்த வேலையை அங்கே குளிர் செய்கிறது. நீர் பனியாகிவிட, உப்பில் பெரும்பகுதி கடலிலேயே தங்கிவிடுகிறது. கரித்து, குளிர்ந்து, கனத்துப்போன அந்த நீர் கண்டச் சரிவில் வழிந்து அடியாழத்துக்கு இறங்குகிறது. மேலிருந்து ஆக்சிஜனையும் எடுத்துக்கொண்டு அட்லாண்டிக், பசிபிக், நம் இந்தியப் பெருங்கடல் என மூன்றின் அடித்தளத்திலும் பரவுகிறது. ஆழ்கடல் உயிர்களுக்கு மூச்சு இப்படித்தான் போய்ச் சேர்கிறது.

பனிப்பாறைகள் உருகி வரும் நன்னீர் இதில்தான் கைவைக்கிறது. உப்பில்லாத நீர் லேசானது. கலந்த இடத்தில் கடல்நீரைக் கனக்க விடாது. கனக்காத நீர் இறங்காது. உமிழ்வு இப்படியே எகிறிக்கொண்டிருந்தால் 2050க்குள் இந்த ஆழ்சுழற்சி 40 விழுக்காட்டுக்கு மேல் தளர்ந்துவிடும் என்று, ஆஸ்திரேலிய ஆய்வாளர்கள் முன்னின்று செய்த ஆய்வு ஒன்று 2023இல் நேச்சர் இதழில் கணித்தது. இன்று நம் கிளைகளில் சேரும் இளைஞர்களுக்கு அப்போது ஐம்பது வயதுகூட ஆகியிருக்காது.

வடக்கிலும் இதே கதை. கிரீன்லாந்தின் உருகுநீர் அட்லாண்டிக் சுழற்சியை நலிவாக்குகிறது. அது நின்றுபோனால் வெப்பமண்டல மழைப்பட்டை தெற்கே நகரும், ஆப்பிரிக்க, ஆசியப் பருவமழைகள் நலியும் என்று ஐ.நா.வின் காலநிலைக் குழு 2021 அறிக்கையிலேயே எச்சரித்துவிட்டது. இந்த நூற்றாண்டுக்குள் அது திடீரென நிற்காது என்றும் அதே அறிக்கை சொல்கிறது, ஆனால் நடுத்தர உறுதியோடுதான். அந்த வரியைத் தூக்கிக்கொண்டு, அவசரம் ஒன்றுமில்லை என்று வாதாட ஆட்கள் வருவார்கள். 2024 அக்டோபரில் 44 விஞ்ஞானிகள் நார்டிக் அமைச்சர்களுக்கு எழுதிய திறந்த மடலை அவர்களிடம் காட்டுங்கள்: இந்த ஆபத்து பெரிதும் குறைத்து மதிப்பிடப்பட்டிருக்கிறது என்கிறது அது. ஹாலிவுட் படத்தில் வருவதுபோல ஒரே வாரத்தில் உலகம் உறையும் என்ற பூச்சாண்டி நமக்கு வேண்டாம். உள்ளதைச் சொன்னாலே போதும்.

நிலக்கரியையும் எண்ணெயையும் எரித்து லாபம் கண்டவர்கள் செய்த வேலை இது. வானம் பார்த்து விதைப்பவரும் கடலை நம்பிப் படகு தள்ளுபவரும் ஏன் இதன் விலையைக் கொடுக்க வேண்டும்?

தோழர்களே, முதலில் அவர்களிடம் போங்கள். மீனவர் குப்பத்தில், விவசாயிகள் சங்கத்தில், கல்லூரி வாசலில் பேசுங்கள். அடுத்த கிராம சபையிலேயே தீர்மானம் கொண்டுவாருங்கள்: புதிய நிலக்கரிச் சுரங்கம் வேண்டாம், புதிய எண்ணெய்க் கிணறு வேண்டாம். மாநாடு வரட்டும் என்று காத்திருக்காதீர்கள். இந்த வாரமே இறங்குங்கள்!